முன் ஆக்சில் உடைந்த இறால் பண்ணை ஜீப்: ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி பழைய மகிந்திரா ஃபோர் வீல் ஜீப். பின்பக்கத்தை வெட்டி பிக்கப் தொட்டி கட்டியிருக்கிறார்கள். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், கட்டை ஆக்சில், அதாவது இரு சக்கரத்தையும் ஒரே இரும்புக் குழாய் சேர்க்கும் வகை. முன்சக்கரம் திரும்ப உதவும் நக்கிள் என்ற முனைப்பகுதி மூடிய வகை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் உள் ஷாஃப்டையும் வெளி ஷாஃப்டையும் சேர்க்கும் யூ ஜாயின்ட் (மடங்கிக்கொண்டே சுழலும் மூட்டு) வெளியே தெரியாது. உருண்டையான இரும்புக் கூட்டுக்குள் கிரீஸில் கிடக்கும். முத்துப்பேட்டைக்குத் தெற்கே உள்ள இறால் பண்ணைகளுக்குத் தீவன மூட்டையும் டீசல் கேனும் ஏரேட்டர் மோட்டாரும் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அதன் வேலை. கார்த்திகை மழையில் இடது முன் ஆக்சில் ஷாஃப்ட் உடைந்தது. மன்னார்குடியில் எங்கள் பட்டறையில் சரிசெய்தோம்.

வண்டி வந்து சேரும் முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. "டிரைவர் பையன் ரேஸ் கொடுத்து முறிச்சிட்டாங்க" என்று பண்ணைக்காரர் போனிலேயே சொல்லிவிட்டார். ஷாஃப்ட் உடைந்தால் எல்லாரும் முதலில் சொல்வது அதைத்தான். கழற்றிப் பார்த்தபோது அந்த ஷாஃப்ட் அன்றைக்கு உடைந்ததல்ல என்பது தெரிந்தது. பல மாதங்களாக உடைந்துகொண்டே இருந்திருக்கிறது. அன்று நடந்தது கடைசித் துண்டு விட்டுப்போனது மட்டும்தான். இதை விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. புது ஷாஃப்ட் வாங்கிப் போட்டு அனுப்பியிருந்தால், அதே காரணம் அந்தப் புது ஷாஃப்டையும் தின்றிருக்கும். டெல்டாவில் முன் ஆக்சில் வேலை செய்யும் பலர் அப்படித்தான் அனுப்புகிறார்கள்.

எங்கே, எப்படி

மன்னார்குடி வழியாக வரும் பாமணியாறும் கோரையாறும் கடைசியில் முத்துப்பேட்டைக் காயலில் போய் விழுகின்றன. அலையாத்திக் காட்டுக்கு மேற்புறமும் வடபுறமும் இருப்பது நெல் வயலும் உப்பங்கழியும் மாறிமாறி வரும் நிலம். இறால் குளத்துக்குப் போகும் பாதை என்பது வடிகால் கரைதான். கோடையில் அது வெடித்த களிமண். ஐப்பசி கார்த்திகையில் முழங்கால் அளவு சேறு.

காவிரிக் கடைமடையில் பாறை என்ற ஒன்று இல்லை. மலைப்பாதை ஓட்டுகிறவர்கள் கல்லில் டயர் ஏறி ஷாஃப்ட் உடைவதைப் பற்றிப் பேசுவார்கள். நமக்கு மைல் கணக்கில் வண்டலும் களியும்தான். கெட்டியான பொருள் இருக்கும் ஒரே இடம் மதகு, குமிழி, சின்னப் பாலம். அங்கே மட்டும் செங்கல் கட்டும் கான்கிரீட் தளமும் இருக்கும். வழுக்கிச் சுழன்றுகொண்டிருக்கும் சக்கரம் ஒரே நொடியில் சிமெண்டுத் தளத்தைக் கவ்வினால் என்ன நடக்கும் என்பதுதான் இந்தப் பகுதியின் ஆக்சில் கதை. எங்களிடம் வந்த உடைந்த முன் ஷாஃப்டுகளில் பெரும்பாலானவை மதகு ஓரத்தில் உடைந்தவை.

இதுவும் அப்படித்தான். வடிகாலைக் கடக்கும் தாழ்வான இடத்தில் பின்சக்கரம் இரண்டும் புதைந்துவிட்டன. ஓட்டுநர் ஃபோர் வீல் லோவில் (நான்கு சக்கரமும் இழுக்கும் மெதுவான கியர்) போட்டு, கரைமேல் ஏற ஸ்டியரிங்கை முழுவதும் வலப்பக்கம் ஒடித்து, ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கிறார். அவர் சொன்னது:

"முன் வீல் சேத்துல சும்மா சுத்திக்கிட்டே இருந்துச்சுண்ணே. மதகு சிமெண்ட்ல ஏறுனதும் 'டக்'குன்னு ஒரு சத்தம். அப்புறம் ஸ்டியரிங்கத் திருப்புனா உள்ள என்னமோ உருளுது."

அந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். உள்ளே ஏதோ உருளுகிறது என்றால் யூ ஜாயின்ட் சிதறியிருக்கிறது. மூடிய நக்கிளுக்குள் உடைந்த துண்டு கிடக்கும்போது வண்டியை உருட்டினால், அந்தத் துண்டு இடையில் மாட்டி ஸ்டியரிங்கையே பூட்டிவிடும். கரைப்பாதையில் ஸ்டியரிங் பூட்டினால் வண்டி வாய்க்காலில்தான் இருக்கும்.

பட்டறைக்குக் கொண்டுவந்தது

ஒரு டிராக்டர் பின்னாலிருந்து இழுத்து வண்டியைக் கெட்டி நிலத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. அங்கிருந்து மன்னார்குடிக்கு ஓட்டி வர வேண்டும். இந்த இடத்தில் பலர் செய்வது, முன்சக்கரத்துக்குச் சக்தி போகாதபடி டிரான்ஸ்ஃபர் லீவரை டூ வீலுக்குத் தள்ளிவிட்டு ஓட்டுவது. அது போதாது. முன்சக்கரம் உருளும்போது அதன் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்), டிரைவ் ஃபிளாஞ்ச் (ஹப்பை ஷாஃப்டோடு இணைக்கும் தட்டு) வழியாக வெளி ஷாஃப்டைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். உடைந்த முனை கூட்டுக்குள் சுழலும்.

இடது ஹப்பின் டிரைவ் ஃபிளாஞ்சைக் கழற்றச் சொன்னோம். ஆறு போல்ட், ஷாஃப்ட் நுனியில் ஒரு சர்க்ளிப் வளையம், அவ்வளவுதான். ஃபிளாஞ்ச் போனாலும் சக்கரம் விழாது. அது ஸ்பிண்டில் என்ற சுழலாத குழாயின் மேல் தனி பேரிங்கில் நிற்கிறது. ஆனால் இடதை மட்டும் கழற்றினால் இன்னொரு சிக்கல் வரும். வலது சக்கரம் தன் ஷாஃப்டைச் சுழற்றும். அது டிஃப்ரன்சியலுக்குள் (இரு ஷாஃப்டுக்கும் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி) போய், இடப்பக்க உள் ஷாஃப்டை எதிர்த்திசையில் சுழற்றும். உடைந்த பக்கம் நிற்கவில்லை, திசைதான் மாறியது. அதனால் வலது ஃபிளாஞ்சையும் கழற்ற வேண்டும். இரண்டும் போனால்தான் முன் ஆக்சிலுக்குள் எதுவும் அசையாது.

"அண்ணே, ரெண்டு பக்கமும் ஓட்டையா நிக்குதே, பேரிங்ல சேறு போயிடாதா?" என்று ஓட்டுநர் கேட்டார். சரியான கேள்வி. யூரியா சாக்கின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையை மடித்து ஹப் வாயில் வைத்து, டியூப் ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டினார். மெதுவாக, ஸ்டியரிங்கை அதிகம் ஒடிக்காமல் வந்து சேர்ந்தார்.

கழற்றியதும் தெரிந்தவை

முதலில் நக்கிளின் அடிபாகத்தைப் பார்த்தோம். உருண்டைக் கூட்டைச் சுற்றி அரைவட்டம் அரைவட்டமாக வரும் பெரிய சீல் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. உருண்டையின் பளபளப்பான முகத்தில் துருக் குழிகள். ஸ்டியரிங் திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழி விளிம்பு சீலை அரத்தைப் போல அராவியிருக்கிறது.

பிரேக் டிரம், ஹப், ஸ்பிண்டில் எல்லாம் வெளியே வந்தபின் ஷாஃப்டை இழுத்தோம். கூடவே கொட்டியது கிரீஸ் அல்ல. சாம்பல் நிறத்தில், தண்ணீர் கலந்து வெளுத்துப்போன சகதி. விரலில் எடுத்துத் தேய்த்தால் நரநரவென்றது. வண்டல் மண். வெயிலில் காய்ந்தபின் துணியில் வெள்ளைப் படிவு நின்றது. இறால் குளத்து உவர்நீர் பல தடவை உள்ளே போய் வந்திருக்கிறது.

உடைந்தது ஷாஃப்டின் தண்டு அல்ல, உள் ஷாஃப்டின் யோக், அதாவது யூ ஜாயின்டைப் பிடிக்கும் கவட்டை முனை. யோக்கின் இரண்டு காதுகளில் ஒன்று, பேரிங் கப் உட்காரும் துளையை ஒட்டி முறிந்திருந்தது. இரு யோக்குகளையும் இணைக்கும் கூட்டல்குறி வடிவக் கிராஸின் நான்கு கப்புகளில் ஒன்றில் நீடில் (ஊசி போன்ற பேரிங் உருளை) ஒன்றுகூட முழுசாக இல்லை, எல்லாம் துருப்பொடி. அந்தக் கப் காதின் துளைக்குள் இறுகி நிற்காமல் சுழன்று, துளையை நீள்வட்டமாக்கியிருந்தது.

முறிந்த முகத்தைக் கழுவி, பட்டறை வாசலில் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். இப்படிப்பட்ட வேலையில் நான் யாரையும் அவசரப்பட விடமாட்டேன். உடைந்த முகம் சொல்லும் சாட்சியை வேறு எதுவும் சொல்லாது. குறுக்கு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கருத்து, வழவழப்பாக, துளை விளிம்பிலிருந்து தொடங்கி வளைவு வளைவான மெல்லிய வரிகளோடு இருந்தது. மீதிப் பகுதி சாம்பல் நிறத்தில், மினுமினுப்பாக, சொரசொரப்பாக இருந்தது.

கருத்த பகுதி பழைய விரிசல். வளைவு வரிகள் அந்த விரிசல் நின்று நின்று முன்னேறிய தடம். உலோகச் சோர்வின் அடையாளம் அது. இரு முகமும் ஒன்றோடொன்று உரசி வழவழப்பாகி, உவர்நீர் புகுந்து கருத்திருக்கின்றன. மினுமினுப்பான பகுதிதான் மதகின்மேல் அன்று 'டக்'கென்று போனது. ஒரே மிதியில் முறிந்த நல்ல ஷாஃப்ட் இப்படி இருக்காது. நெகிழ்வுள்ள எஃகு முறுக்கில் உடைந்தால் தண்டு சற்று முறுகி, முகம் தட்டையாக அறும். உள்வரை கெட்டியாகப் பதம்போட்டது (சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கியது) உடைந்தால் 45 டிகிரியில் சுருள் போல் பிளக்கும். இரண்டிலும் இந்தக் கரும்பகுதி வராது.

துருக்குழி ஒன்றிலிருந்துதான் விரிசல் தொடங்கியிருக்கிறது. பூதக்கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தது. எஃகுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு குறிப்பிட்ட தகைவுக்கு (ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை) கீழே எத்தனை லட்சம் முறை முறுக்கினாலும் சோர்ந்து உடையாது. உப்புநீர் பட்டுக்கொண்டே இருந்தால் அந்தக் குணம் போய்விடும். அப்புறம் சின்னச் சுமையும் கணக்கில் சேரும். நல்ல சாலையில் ஃபோர் வீலில் போனதுகூட அந்த விரிசலை ஒரு மயிரிழை தள்ளியிருக்கும்.

கணக்கு

மதகின்மேல் சுமை எவ்வளவு வந்திருக்கும்? லோ கியரில் எஞ்சின் கொடுக்கக்கூடிய முறுக்கு விசை, டயரின் பிடிப்பு தாங்குவதைவிட எப்போதும் அதிகம். ஆகவே ஷாஃப்டுக்கு வரும் சுமையைத் தீர்மானிப்பது டயரின் பிடிப்புதான். ஒரு முன்சக்கரத்தின் மேல் சுமார் 400 கிலோ எடை, டயரின் ஆரம் 0.38 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சேற்றில் உராய்வுக் குணகம் 0.3 என்றால் ஷாஃப்டில் விழுவது சுமார் 450 நியூட்டன் மீட்டர். கான்கிரீட்டில் 0.8 என்றால் 1,200.

ஷாஃப்டின் தடிமன் வெர்னியரில் சுமார் 28 மில்லிமீட்டர் வந்தது. 1,200 நியூட்டன் மீட்டருக்கு வெளிப்பரப்பில் தகைவு ஏறத்தாழ 280 மெகாபாஸ்கல். நன்றாகப் பதம்போட்ட அலாய் எஃகு முறுக்கில் 400 வரை நெளியாமல் நிற்கும். அப்படியானால் கான்கிரீட் மட்டும் உடைக்காது. ஆனால் அன்று இரண்டு விஷயங்கள் கூடச் சேர்ந்தன.

ஒன்று, ஸ்டியரிங் முழுக்க ஒடித்திருந்தது. யூ ஜாயின்ட் நேராக இருக்கும்போது சுழற்சியை அப்படியே கடத்தும். 30 டிகிரி மடங்கியிருந்தால், உள் தண்டு சீராகச் சுழன்றாலும் வெளித் தண்டு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும்: 0.87 மடங்கிலிருந்து 1.15 மடங்கு வரை. முறுக்கு விசையும் அதேபோல் ஏறி இறங்கும். அதாவது 1,200 என்பது ஒவ்வொரு அரைச் சுற்றிலும் கிட்டத்தட்ட 1,400 வரை போய் வரும். மடங்கிய நிலையில் காதுகள் முறுக்கை மட்டுமல்ல, வளைவையும் சேர்த்துத் தாங்க வேண்டும்.

இரண்டு, அதிர்ச்சி. படிப்படியாக ஏறும் சுமைக்கும் திடீரென்று வரும் சுமைக்கும் வித்தியாசம் உண்டு. திடீரென்று வந்தால் தகைவு இரண்டு மடங்கு வரை போகும். வேகமாகச் சுழன்றுகொண்டிருந்த டயர் சிமெண்டைக் கவ்வியதும் அதுதான் நடந்தது. வண்டியில் 6.00-16 டயருக்குப் பதில் 7.00-16, அதுவும் கட்டை கட்டையாகப் பல் வைத்தது. ஆரமும் எடையும் கூடிய சக்கரம், கூடுதல் சுழல் ஆற்றல்.

இதையெல்லாம் கூட்டினால் நல்ல ஷாஃப்டுக்கும் அது ஆபத்தான நேரம்தான். ஆனாலும் நல்ல ஷாஃப்ட் சற்று முறுகி, அடுத்த தடவைக்கு நின்றிருக்கலாம். மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே போயிருந்த காதுக்கு அந்த வாய்ப்பே இல்லை. ஓட்டுநர் செய்ததில் தவறு உண்டு. சக்கரத்தை நேராக்கிவிட்டு, மிதிக்காமல், லோவில் எஞ்சினின் சாதாரண ஓட்டத்திலேயே ஏற்றியிருக்க வேண்டும். ஆனால் முழுப் பழியையும் அந்தப் பையன் தலையில் போடுவது நியாயமில்லை. பண்ணைக்காரரிடம் அந்த முகத்தைக் காட்டி இதைத்தான் சொன்னோம். சம்பளத்தில் பிடிப்பதாகச் சொல்லியிருந்தவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

தண்ணீர் எப்படிப் போனது

சீல் கிழிந்திருந்தது, தண்ணீர் போனது என்று நிறுத்திவிடலாம். எனக்கு அது போதவில்லை. வலப்பக்கச் சீல் கிழியவே இல்லை, ஆனால் அந்த நக்கிளிலும் கிரீஸ் வெளுத்திருந்தது. டிஃப்ரன்சியல் ஆயிலை வடித்தபோது அதுவும் கலங்கலாக வந்தது. கிழியாத சீல் வழியாக இவ்வளவு தண்ணீர் எப்படி?

ஆக்சில் டியூபின் மேல் சின்னத் தொப்பி போல ஒரு பிரீதர் இருக்கும். கட்டைவிரல் நகம் அளவுதான். ஆக்சில் சூடாகும்போது உள்ளே விரியும் காற்று வெளியேறவும், குளிரும்போது காற்று உள்ளே வரவும் அதுதான் வழி. இந்த வண்டியில் அதன் மேல் களிமண் கெட்டியாக அப்பியிருந்தது. அதன் மேல் யாரோ சேஸிஸ் பெயின்டும் அடித்திருந்தார்கள். குண்டூசி நுழைய இடமில்லை.

பிரீதர் அடைத்த ஆக்சில் என்ன செய்யும் என்று பாருங்கள். முத்துப்பேட்டையிலிருந்து தார்ச்சாலையில் ஓடி வரும் ஆக்சில் 70 டிகிரி வரை சூடாகிறது. உள்ளே விரிந்த காற்று சீல் இடுக்கு வழியாக வெளியேறிவிடுகிறது. அப்படியே வண்டி வடிகால் தண்ணீரில் இறங்குகிறது. தண்ணீர் 30 டிகிரி. இரும்பு சட்டென்று குளிர்கிறது, உள்ளே மிஞ்சிய காற்று சுருங்குகிறது. 70 டிகிரியிலிருந்து 30க்கு வந்தால் உள் அழுத்தம் சுமார் 12 சதவீதம் இறங்கும். அது ஏறத்தாழ 1.2 மீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். வண்டி நிற்பது முழங்கால் தண்ணீரில்தான். ஆனால் சீலுக்கு அது ஆளின் மார்பளவுத் தண்ணீரில் மூழ்கியது போன்ற நிலை. அதுவும் அழுத்தம் உள்ளேயிருந்து உறிஞ்சுகிறது. சேற்றைத் தடுக்கச் செய்த சீல் இந்த உறிஞ்சலைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. டியூப் நக்கிளிலிருந்து இழுக்கிறது, நக்கிள் வெளியிலிருந்து இழுக்கிறது. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் ஒரு வாய் உவர்நீர்.

மூல காரணம் இதுதான். பிரீதர் அடைத்தது, தண்ணீர் ஏறியது, கிரீஸ் கழுவிப்போனது, நீடில் துருத்தது, கப் சுழன்று காதைத் தின்றது, துருக்குழியில் விரிசல் பிறந்தது.

கூடவே இன்னொன்றும் கிடைத்தது. யோக்குகளின் உட்புறத்தில், ஒரு காது எதிர்க்காதை இடித்த பளபளப்பான தடம். சக்கரம் அளவுக்கு மீறித் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். திருப்பத்தை நிறுத்தும் ஸ்டாப் போல்டைப் பார்த்தால் அது கடைசிவரை உள்ளே முறுக்கப்பட்டிருந்தது. குறுகிய கரைப்பாதையில் வண்டியை ஒரே மூச்சில் திருப்ப வேண்டுமென்று எப்போதோ எங்கேயோ செய்த வேலை. திருப்பம் கொஞ்சம் கூடியது, ஜாயின்ட் தன் எல்லையைத் தாண்டி இடித்துக்கொண்டது.

எந்த ஷாஃப்ட் போடுவது

பண்ணைக்காரருக்கு வண்டி உடனே வேண்டும். மழைக்காலத்தில் தீவனம் போகாவிட்டால் குளத்தில் இறால் கிடக்காது. அவர் முதலில் கேட்டது, "காதை வெல்டிங் வச்சுக் கொடுக்க முடியாதுங்களா?" என்று. முடியாது என்று உடனே சொன்னோம். இந்த எஃகில் கார்பனும் அலாயும் அதிகம். முன்சூடு இல்லாமல் வெல்டிங் வைத்தால் பற்று ஓரத்தில் கண்ணாடி மாதிரி நொறுங்கும் பகுதி உண்டாகும். முன்சூடு கொடுத்தால் பதம் இறங்கும். நீள்வட்டமான துளையை மறுபடி வட்டமாக்கி, எதிர்க்காதோடு ஒரே நேர்கோட்டில் கொண்டுவருவது தனி வேலை. இதைச் செய்துகொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அடுத்த மதகு வரை ஓடும்.

லேத்தில் புதிதாகக் கடைவது இன்னொரு வழி. திருச்சியில் பெல் ஆலையை நம்பி வளர்ந்த சின்னப் பட்டறைகள் ஏராளம். ஈ.என். 24 என்ற அலாய் எஃகு உருளை வாங்கி, கடைந்து, ஸ்பிளைன் (தண்டு முனையில் நீளவாட்டுப் பற்கள்) வெட்டி, பதம்போட்டுத் தர அங்கே ஆள் உண்டு. நேர்த்தண்டுக்கு அந்த வழியை நம்பலாம். யோக்கோடு சேர்ந்த ஷாஃப்டுக்கு எனக்குச் சம்மதமில்லை. ஆலையில் வருவது சூடாக்கி அடித்து உருவாக்கிய ஃபோர்ஜிங். உலோகத்தின் இழை தண்டிலிருந்து காதுக்குள் வளைந்து போகும். உருளையைக் குடைந்து செய்த காதில் அந்த இழை குறுக்காக அறுபட்டு நிற்கும். உடைவதே காதில்தான் என்னும்போது அங்கேயே பலவீனமானதை ஏன் போட வேண்டும்?

பழைய வண்டி உடைக்கும் கடையில் ஷாஃப்ட் பாதிக்கும் குறைந்த விலைக்குக் கிடைத்தது. பார்வைக்கு நன்றாகவும் இருந்தது. டை பெனிட்ரன்ட் அடித்துப் பார்த்தோம். சிவப்புச் சாயத்தை அடித்து, ஊறவிட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு மேலே எழும்பி வரும். அந்த ஷாஃப்டின் ஸ்பிளைன் முடியும் இடத்தில் மெல்லிய கோடு வந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டோம். அந்த மூன்று ஸ்பிரே டப்பாக்கள் ஒவ்வொரு ஆக்சில் பட்டறையிலும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விலை பெரிதில்லை, ஒரு ஷாஃப்டைக் காப்பாற்றினாலே அதன் காசு வந்துவிடும்.

கடைசியில் புது ஷாஃப்டே வாங்கினோம். வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோய், மொத்த நீளம், ஸ்பிளைன் எண்ணிக்கை, ஸ்பிளைன் விட்டம், காதுத் துளை ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். டிஃப்ரன்சியல் ஒருபக்கமாகத் தள்ளியிருப்பதால் இடதும் வலதும் ஒரே நீளமல்ல. இந்த ஜீப்புகளில் ஆண்டுக்கு ஆண்டு பாகங்கள் மாறியிருக்கின்றன, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மாடலை மட்டும் சொல்லி வாங்கினால் திரும்பிப் போக வேண்டிவரும்.

பூட்டியது

ஷாஃப்டை மாட்டும் முன் டிஃப்ரன்சியலைத் திறந்து பார்த்தோம். பற்களில் சேதம் இல்லை, அடியில் மெல்லிய இரும்புத்தூள் மட்டும். கழுவிவிட்டு ஆயில் மாற்றினோம். உடைந்த காது நக்கிள் கூட்டை உள்ளிருந்து இடித்திருந்ததால் அங்கேயும் சாயம் அடித்துப் பார்த்தோம். தழும்பு இருந்தது, விரிசல் இல்லை. நக்கிள் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங்குகளில் கீழேயிருந்தது துருவில் குழிவிழுந்திருந்தது. மேலும் கீழும் மாற்றினோம்.

உருண்டை முகத்தைச் சரிசெய்யாமல் புதுச் சீல் போடுவது வீண். எமரித் தாளால் தேய்த்ததில் சின்னத் துரு போயிற்று. ஆழமான குழிகளில் மெட்டல் எபாக்சி அப்பி, மறுநாள் வரை காயவிட்டு, நீர் எமரியால் விரல் வழுக்கும்வரை தேய்த்தோம். நகத்தால் கீறிப் பார்த்தால் எங்கும் தட்டக்கூடாது. இந்த வேலைக்கு நேரம் பிடிக்கும், கூலி கேட்டால் வண்டிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் சீலின் ஆயுள் முழுக்க இதில்தான் இருக்கிறது.

கிங்பின் ஷிம் (இறுக்கத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) சரிபார்க்க, சீலும் டை ராடும் (இரு நக்கிளையும் இணைக்கும் கம்பி) மாட்டாத நிலையில் ஸ்டியரிங் ஆர்ம் நுனியில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுத்தோம். மீன் கடையில் தூக்கிப் பிடிப்பார்களே, அதே தராசு. கம்பெனி மேனுவலில் சொன்ன இழுப்பு வரும்வரை ஷிம்மை எடுத்தும் சேர்த்தும் பார்க்க வேண்டும். கையால் ஆட்டிப்பார்த்து "சரியா இருக்கு" என்று விடுவது பழக்கத்தில் உள்ளதுதான். நக்கிள் ஒரு நூலிழை ஆடினாலும் சீல் ஒருபக்கம் அமுங்கி மறுபக்கம் வாய் திறக்கும்.

கிராஸை அழுத்தும்போது நீடில் ஒன்று சாய்ந்து கப்பின் அடியில் விழுந்தால் வைஸ் அதை நசுக்கிவிடும், வெளியே தெரியாது. ஒவ்வொரு கப்பும் உட்கார்ந்தபின் கிராஸைக் கையால் நாலாபக்கமும் ஆட்டி, பிடிப்பு இல்லாமல் விழுகிறதா என்று பார்த்துத்தான் அடுத்த கப். நக்கிளுக்குள் சேஸிஸ் கிரீஸைத் திணிக்கக்கூடாது. அது கெட்டி, ஜாயின்ட் சுழலும்போது ஓரம் ஒதுங்கி அங்கேயே நின்றுவிடும், நீடிலுக்குத் திரும்பி வராது. வழிந்தோடும் பதத்திலுள்ள நக்கிள் கிரீஸைப் பிளக் வாய் மட்டம் வரை நிரப்பினோம்.

ஸ்டாப் போல்டைச் சரிசெய்தது ஹப் பூட்டும் முன்பே. ஆக்சிலை ஸ்டாண்டில் ஏற்றி, நக்கிளை ஒருபக்கம் முழுவதும் ஒடித்து, ஷாஃப்டைக் கையால் சுற்றினோம். எங்கேயும் இடிக்காமல், தடங்காமல் சுற்றும் கோணத்துக்குச் சற்று முன்பே போல்ட் நிற்கும்படி வைத்து, லாக் நட்டை இறுக்கினோம். இரு பக்கமும் அப்படியே. திருப்பம் முன்னைவிடக் குறைவாக இருக்கும், கரைமேல் ஒருமுறை கூடுதலாக முன்பின் போக வேண்டிவரும் என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டோம்.

பிரீதர் தொப்பியை எடுத்துவிட்டு, அந்த வாயில் ஒரு நிப்பிள் பூட்டி, ஆயில் தாங்கும் ரப்பர் ஹோஸை எஞ்சின் அறைத் தடுப்புச் சுவர் வரை மேலே கொண்டுபோனோம். ஸ்பிரிங் முழுவதும் அமுங்கி விரியும்போது இழுபடாதபடி நடுவில் தொய்வு விட்டோம். மேல் முனையைக் கீழ்நோக்கி வளைத்து, சின்ன ஃபில்டர் மாட்டினோம். பின் ஆக்சிலுக்கும் அதேபோல் செய்தோம். முழு வேலையிலும் குறைந்த செலவு இதுதான்.

டயரைப் பற்றிப் பேசினோம். 7.00-16ஐ மாற்றச் சொன்னதற்குப் பண்ணைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. சிறிய டயரில் ஆக்சிலின் அடி சேற்றில் உரசும் என்றார். அது உண்மைதான், வற்புறுத்தவில்லை.

பொங்கலுக்குப் பிறகு, சம்பா அறுவடை மும்முரமாக இருந்தபோது வண்டி வந்தது. பிளக்கைத் திறந்து கம்பி விட்டுப் பார்த்தோம். இரு நக்கிளிலும் கிரீஸ் நிறம் மாறவில்லை. டிஃப்ரன்சியல் ஆயில் தெளிவாக இருந்தது. இடது சீலின் ஓரத்தில் லேசான ஈரம், துடைத்தால் போகிற அளவு. எபாக்சி அப்பிய இடம் பெயரவில்லை.

வலது ஷாஃப்ட் மட்டும் இன்னும் பழையதுதான். அதில் விரிசல் இல்லை, ஆனால் காதுத் துளையில் துருக்குழி உண்டு. புதுக் கிராஸ் போட்டு அப்படியே விட்டிருக்கிறோம். உப்பில் ஒருமுறை குழிவிழுந்த காதை நான் நம்பமாட்டேன். அடுத்த மழைக்கு முன், குளத்தை வடித்து இறால் பிடிக்கும் சமயத்தில் மாற்றிவிட வேண்டும் என்று வேலை அட்டையில் எழுதி, பண்ணைக்காரரிடம் ஒரு பிரதி கொடுத்திருக்கிறோம். அதுவரை வலப்பக்கம் சத்தம் கேட்டால் ஃபோர் வீலில் போடாமல் நேராகப் பட்டறைக்கு வரச்சொல்லி ஓட்டுநரிடமும் சொல்லியாயிற்று.